இரண்டு தடவை எழுதிய எண்

முன்னொரு காலத்தில் வெள்ளிக்குன்றம் என்ற நாட்டைத் திரிலோகசூடன் என்ற ராஜா ஆண்டு வந்தான். பெயரில் மூன்று லோகம் இருந்தாலும் கையில் இருந்தது 743 ஊர்தான். ராஜாவைப் பற்றி எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். அவன் தும்மினால்கூட "பலே, பலே" என்பார்கள்.

ஒரு நாள் வெளியூர்ப் பண்டிதர் ஒருவர் வந்தார். 743 அபூர்வமான எண், ஒன்றையும் அதே எண்ணையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த எண்ணைப் பெற்றெடுத்தவனே தான்தான் என்பதுபோல மீசையை முறுக்கிக்கொண்டான்.

இந்த நேரத்தில் சும்மா இருந்தால் அவர் துங்கராயர் அல்லவே. அந்தச் சபையில் துதி பாடியே தொந்தி வளர்த்த மனிதர். மந்திரி ஆதிமூலத்தின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜாவின் எண்ணை ஒரே தடவை எழுதுவது அவமரியாதை. 743743 என்று எழுதுவோம். ஒரு தடவை எழுதியதே வகுபட்டு உடையாது என்றால், இரண்டு தடவை எழுதியதை எவன் உடைப்பான்?" என்றார்.

அதைக் கோட்டை வாசலில் கல்லில் வெட்டும்படி ராஜா உடனே உத்தரவு போட்டான். கல்லும் வெட்டியாகிவிட்டது.

கல்லைப் பார்த்ததும் ஆதிமூலம் சிரித்துத் தொலைத்துவிட்டார். துங்கராயர் அதைப் பிடித்துக்கொண்டார். மந்திரி இந்த எண்ணைச் சபையிலேயே உடைத்துக் காட்டட்டும், இல்லையென்றால் மோதிரத்தைக் கழற்றட்டும் என்று ராஜாவை ஏற்றிவிட்டார். ராஜாவும் தலையாட்டினான். கணக்கில் ஆதிமூலத்துக்குச் சந்தேகமில்லை. கணக்குப் புரியாத ராஜாவிடம்தான் பயம்.

அரண்மனைக் கணக்கரைக் கூப்பிட்டு, 743743-ஐ ஏழால் வகுக்கச் சொன்னார். மீதி இல்லை. வந்த விடையைப் பதினொன்றால் வகுக்கச் சொன்னார். அதிலும் மீதி இல்லை. அதையும் பதின்மூன்றால் வகுக்கச் சொன்னார். கணக்கர் விடையை இரண்டு தடவை சரிபார்த்தார். வந்திருந்தது 743.

இது சூனியம் என்று துங்கராயர் கூச்சல் போட்டார். அப்படியானால் நீரே ஒரு மூன்று இலக்க எண் சொல்லும் என்றார் மந்திரி. சொன்னார். அதை இரண்டு தடவை எழுதியதும், அதே ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் அதையும் மீதியில்லாமல் வகுத்தன.

"மகாராஜா, மூன்று இலக்க எண்ணை அடுத்தடுத்து இரண்டு தடவை எழுதினால், அதை ஆயிரத்தொன்றால் பெருக்கியதாக ஆகிவிடும். ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் வருவதும் அதே ஆயிரத்தொன்றுதான். தங்கள் எண் இன்றைக்கும் உடையாத எண். இவர் புகழ்ந்தாரே, அதில்தான் உடைந்தது" என்றார் ஆதிமூலம்.

ராஜாவின் முகம் சிவந்தது. எத்தனை வருஷமாக இப்படிப் புகழ வைத்து உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தபோது அவனுக்கே வெட்கமாகிவிட்டது. கழுத்து மாலையைக் கழற்றி ஆதிமூலத்துக்குப் போட்டான். மோதிரம் அவர் விரலிலேயே இருக்கட்டும் என்றான். பிறகு துங்கராயர் பக்கம் திரும்பி, கல்லில் அதிகப்படியாக இருக்கும் 743-ஐ உளி எடுத்து அவரே செதுக்கி அழிக்க வேண்டும் என்றான்.

"உத்தரவு, உத்தரவு" என்றார் துங்கராயர்.

"ஒரு தடவை போதும்" என்றான் ராஜா.