மேடேறித் திரும்பிய எல்லை

அந்தக் காலத்தில், மிருகமும் மனிதரும் ஒரே பாஷை பேசிய நாளில், அமெரிக்கப் புல்வெளியை ஒரு பெருங்கரடி ஆண்டது. எந்தப் பக்கம் மூன்று நாள் நடந்தாலும் அதன் மாவட்டம் முடியாது. அதற்குள் ஆற்றோரமாக ஒன்பது வீடுகள் இருந்தன. பேர் கிடையாது, எல்லை கிடையாது, ஏன் என்று கேட்க ஆளும் கிடையாது.

அதில் தாழ்ந்த வீடு தெக்லாவுடையது. அந்த வருஷம் மலையில் பனி அதிகம். அது உருகி வந்தால் ஒன்பது வீடும் போய்விடுமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தைக் கடித்துத் தள்ளி ஆற்றில் அணை கட்டும் பீவர் என்ற மிருகங்களிடம் ஓடினாள்.

"ஒரு வாரத்தில் கட்டிவிடலாம் அக்கா," என்றது மூத்த பீவர். "ஆனால் ஆறு கரடியுடையது. யார் உத்தரவில் கட்டுவது?"

தெக்லா மூன்று நாள் நடந்து கரடியின் குன்றுக்குப் போனாள். அது மூச்சுவிட்டதற்கே புல்வெளி சாய்ந்து நிமிர்ந்தது. அவள் அணை கட்ட உத்தரவு கேட்டாள்.

"உன் ஒன்பது வீட்டை நான் எப்போது வந்து பார்க்க?" என்றது கரடி. "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பகலில் உங்கள் எல்லையை உழுது மூட வேண்டும். உள்ளே முப்பது பேர் இருக்க வேண்டும். ஓர் ஊராக இருக்கச் சம்மதம் என்று முப்பது கையும் உயர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆறு என்னுடையதுதான்."

ஆற்றோரத்தில் இருபத்தொன்பது பேர்தான். முப்பதாவது ஆள் மேட்டில் தனியாக வாழ்ந்த கிழவர் காலெப். வெள்ளம் அவரைத் தொடாது.

திரும்பி வந்த மறுநாள் விடிந்ததும் தெக்லா எருதை ஏரில் பூட்டினாள். மூன்று பக்கம் உழுதாயிற்று. மேட்டுப் பக்கம் திருப்பினாள். எருது நின்றுவிட்டது.

"கோடு கோணிப்போகும் அம்மா. நேராக உழுது பேர் வாங்கினவன் நான்."

"உன் பேர் கிடக்கட்டும். ஏறு!"

காலெப் தடியோடு வேலியில் நின்றார். "போன வருஷம் உங்கள் பன்றிகள் என் கொல்லையை மேய்ந்தபோது இந்த ஊர் எங்கே போயிருந்தது?"

"ஊர் இல்லை ஐயா. அதனால்தான் கேட்க ஆள் இல்லை. உள்ளே வாருங்கள். பன்றியைக் கட்டிப்போட வேண்டும் என்பதே முதல் சட்டமாக இருக்கட்டும்."

கிழவர் பொழுது சாய்வதைப் பார்த்தார். "என் ஆப்பிள் மரத்தையும் சுற்றி உழு," என்றார்.

கடைசி வெளிச்சத்தில் கோட்டின் இரண்டு நுனியும் தொட்டன. காற்று நின்றது, ஆறுகூடச் சத்தம் அடங்கியதுபோல் இருந்தது. இருபத்தொன்பது பேர் கை தூக்கினார்கள், அவர்களில் கைக்குழந்தையின் கையைத் தாய் தூக்கினாள். முப்பதாவதாகக் காலெப்பின் தடி உயர்ந்தது.

அப்போது பூமி அதிர, கரடி வந்தது. கோட்டைத் தாண்டத் தூக்கிய பாதம் அந்தரத்தில் நின்றது. ஒரு சாண் பள்ளம்தான். மலைபோன்ற அந்த உடம்பு அதன் முன்னால் குனிந்தது.

"நான் உள்ளே வரலாமா?"

தெக்லா கோட்டின் ஓரம் வந்து நின்றாள். "வாருங்கள்," என்றாள். "முதலில் பீவர்களுக்கு வழி விடுங்கள்."

அன்று முதல்தான் அந்த நாட்டில், பெரிய மாவட்டம் சுற்றிலும் பரந்து கிடந்தாலும், கைப்பிடி வீடுகள் உள்ள சிற்றூர்கூடத் தன் எல்லைக்குள் தானே கை தூக்கித் தனக்குச் சட்டம் செய்துகொள்கிறது. வரைபடத்தில் அந்த எல்லை, யாரோ ஒருவர் வீட்டுக்காக வளைந்துதான் போகிறது.