கூலிங் கிளாஸுக்குச் சந்தனப் பொட்டு

கோதண்டத்தின் வெல்டிங் பட்டறையில் பேச்சிமுத்துவுக்குக் கிடைத்தது வெறும் கூலிங் கிளாஸ்தான். இரவெல்லாம் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். ஊரில் பிறந்திருக்கும் மகளை மனைவி போனில் காட்டினால் கண்ணீர்தான் வழியும், முகம் தெரியாது.

"முகத்தை மூடுற வெல்டிங் ஷீல்டு வாங்கித் தாங்க, முதலாளி."

"இதுவும் கறுப்பாத்தானடா இருக்கு? போதும் போ."

ஆயுத பூஜை முடிந்ததும் முதல் வெல்டிங் பொறியை முதலாளியே தட்டுவது வழக்கம். வாடிக்கையாளர்கள் சூழ்ந்து நிற்க, பேச்சிமுத்து அந்தக் கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு வைத்து நீட்டினான்.

"டேய், இதைப் போட்டா கண்ணு அவிஞ்சிடும்! பீரோவுல என் ஷீல்டு இருக்கு, எடு!"

"இதுவும் கறுப்பாத்தான இருக்கு, முதலாளி?"

கூட்டம் சிரித்தது. கோதண்டம் முகம் சிவக்க ஷீல்டை அவனிடமே கொடுத்துவிட்டார்.

சில நாளில் மகளின் முகம் தெளிந்தது. கீழுதட்டில் சின்ன மச்சம். தொடப் போனான், போனின் சில்லிப்புதான் விரலில் பட்டது.