உளி தொடாத சித்திரம்

முன்னொரு காலத்தில், இரண்டு ஆறுகள் கூடும் ஒரு நாட்டை மருதகேசரி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். நீதி தவறமாட்டார், குடிகளை வருத்தமாட்டார். ஆனால் ஒரு பொருளின் மேல் ஆசை வந்துவிட்டால், அது கைக்கு வரும்வரை அரண்மனையில் எவருக்கும் சோறு இறங்காது.

ஒருநாள் கடல் கடந்து வந்த தூதர் ஒருவர் அவருக்குச் சின்னச் சிமிழ் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார். மரச் சிமிழ். அதன் மூடியில் மேகம் சுருண்டு சுருண்டு போவதுபோல் கோலங்கள். அரசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எழுதிய ஓவியர் யார்?"

"எவரும் இல்லை, அரசே. மரம் வளர்ந்ததே இப்படித்தான்."

அன்று முழுவதும் அரசர் அந்தச் சிமிழைக் கீழே வைக்கவில்லை.

அரண்மனைக் கட்டட வேலைகளையும் மரக்கிடங்கையும் கவனித்துவந்தவர் மழவராயர். சபையில் விகடகவியாக இருந்த நாவலடியானைக் கண்டால் அவருக்கு ஆகாது. மழவராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பதிலைத் தொடங்குவதற்குள் நாவலடியான் ஒரே வார்த்தையில் சபையைச் சிரிக்க வைத்துவிடுவார். அரசரும் மழவராயர் பக்கம் திரும்பவே மறந்துவிடுவார். இந்த வயிற்றெரிச்சல் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது.

சிமிழைப் பார்த்ததும் மழவராயர் எழுந்து கைகூப்பினார்.

"அரசே! சிமிழ் என்ன பெரிய பொருள்? தங்கள் புதிய மண்டபத்துக்கு அரியணையே இப்படிச் செய்யலாமே! சாய்மானத்தில் ஒரு சித்திரம் இருக்க வேண்டும். எந்தக் கையும் எழுதக் கூடாது, எந்த உளியும் செதுக்கக் கூடாது, எந்தச் சாயமும் தொடக் கூடாது. ஆனால் அதன் நடுவில் தங்கள் திருமுகம் தெரிய வேண்டும்."

அரசரின் கண்கள் விரிந்தன. "அப்படி ஒன்றை யாரால் செய்ய முடியும்?"

"நம் நாவலடியானால் முடியும். தம்மால் ஆகாதது எதுவும் இல்லை என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்."

நாவலடியான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. மறுக்கத்தான் வாயெடுத்தார். ஆனால் அரசர் அதற்குள் குழந்தையைப்போல் மகிழ்ந்துவிட்டார்.

"நாவலடியாரே, வரும் பௌர்ணமியன்று புதிய மண்டபத்தில் கொலு. அரியணை அங்கே இருக்க வேண்டும்."

"செய்ய முடியாமல் போனால்?" என்று மழவராயர் மெல்ல எடுத்துக்கொடுத்தார். "சொன்ன சொல்லைக் காக்காதவருக்கு இந்தச் சபையில் இடம் உண்டா, அரசே?"

அரசர் சற்றுத் தயங்கினார். பிறகு, "இல்லைதான். அப்படியானால் அன்றே அவர் நாட்டை விட்டுப் போக வேண்டும்" என்றார். "வேண்டிய மரத்தை நம் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்."

மறுநாள் காலை நாவலடியான் தச்சர் கொம்பையாச்சாரியை அழைத்துக்கொண்டு மரக்கிடங்குக்குப் போனார். இருவரும் பழைய நண்பர்கள். சபை இல்லாத நாட்களில் ஆச்சாரியின் பட்டறையில் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நாவலடியானின் பொழுதுபோக்கு. கிடங்கின் கதவைத் திறந்தார்கள். உள்ளே காற்றுதான் இருந்தது. தேக்கு, தோதகத்தி, கருங்காலி எல்லாவற்றையும் மழவராயர் இரவோடு இரவாகப் படகுத் துறைக்கு அனுப்பிவிட்டிருந்தார். பின்கட்டில் சமையலறைக்கு ஒதுக்கிய விறகுக் குவியல் மட்டும் கிடந்தது.

கொம்பையாச்சாரிக்குக் கோபம் வந்தால் தெருமுனைவரை கேட்கும். "இது அநியாயமுங்க! இந்தக் கோணல் கட்டைய வச்சு நான் அரியணையா பண்றது? முக்காலி கூட நிக்காது! வாங்க, நேரா ராசாகிட்டயே போய்ச் சொல்லிப்புடுவோம்."

"சொன்னால் மரம் திரும்பி வந்துவிடும், ஆச்சாரி. வந்து? நேரான தேக்குப் பலகையில் என்ன சித்திரம் இருக்கும்? கோடு கோடாக இருக்கும். ஊரெல்லாம் அதுதானே?" என்றபடி நாவலடியான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலுக்குள் இறங்கினார்.

பட்டை உரிந்த ஒரு கட்டையைத் தூக்கி வெயிலில் சாய்த்தார். ஆற்று மணலில் காற்று வரி போட்டதுபோல் அதன் மேல் மரத்தின் இழை அலை அலையாக ஓடியது. "இதைப் பாருமய்யா!" கவட்டையாகப் பிரிந்த ஒரு பலாக்கட்டையின் வெட்டுமுகத்தில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார். இரண்டு கிளையும் சேர்ந்த இடத்தில் மயில் இறகு ஒன்று எழும்பியது. ஆச்சாரி முணுமுணுத்தபடி அருகே வந்தார். வந்தவர் முணுமுணுப்பை நிறுத்திவிட்டார்.

குவியலின் அடியில்தான் அது கிடந்தது. மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு பெரிய கழலை. மரத்தின் உடம்பில் எப்போதோ புடைத்து வளர்ந்து, மேலெல்லாம் பருப்பருவாய், பார்க்க அருவருப்பாக இருந்தது. அதைப் பிளக்க முயன்று கோடாலி மழுங்கிப்போய் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

நாவலடியான் விரல் கணுவால் எங்கும் தட்டிப் பார்த்தார். பொந்து விழுந்த ஓசை எங்குமில்லை. ஒரு சில்லைப் பெயர்த்து, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நேரம் போகப் போகத் தண்ணீரில் ஒரு நீல நிறம் மினுங்கியது.

"வேங்கை மரம்!" என்றார் ஆச்சாரி.

"வேங்கைதான். அதுவும் நோய்ப்பட்டு வந்ததில்லை. இந்தப் பரு ஒவ்வொன்றும் கிளையாக வரவேண்டிய மொட்டு. வெளியே வர முடியாமல் உள்ளுக்குள்ளேயே சுழன்றிருக்கிறது. அறுத்துப் பார்ப்போமா?"

மரம் அறுக்கும் ரம்பவாள் வைத்து அறுத்தார்கள். பலகை விரிந்தது. பொன்னும் செம்மண்ணும் கலந்த நிறத்தில் சுழிகள். சுழிக்குள் கண்கள். கண்ணைச் சுற்றி இன்னும் கண்கள்.

ஆச்சாரி ஆசையோடு இழைப்புளியை எடுத்து ஓர் ஓரத்தில் வைத்தார். ஓர் இழுப்புத்தான். மரம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்தது. "அடடா! இழை நாலு பக்கமும் ஓடுது. உளி இதுக்கு ஆகாதுங்க!"

"நல்லதாகப் போயிற்று. உளி தொடக் கூடாது என்பதுதானே கட்டளை?"

உளி பட்ட ஓரத்தை வாளால் அறுத்து எறிந்தார்கள். பிறகு நனைத்த மணலால் பலகையைத் தேய்த்தார்கள். சொரசொரப்பான பிராய் இலையால் தேய்த்தார்கள். கடைசியில் தேன்மெழுகை உருக்கித் தடவி, பழந்துணியால் கை ஓயும்வரை தேய்த்தார்கள். மறுநாள் மறுபடியும் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க நாவலடியான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஆச்சாரி கேட்டும் அவர் காரணம் சொல்லவில்லை. அந்தப் பலகையைச் சாய்மானமாக வைத்து, அலை ஓடிய கட்டையையும் பலாக்கட்டையையும் காலும் கையுமாக ஆச்சாரி பூட்டினார்.

பௌர்ணமியன்று காலை, கிழக்கு வெளிச்சம் விழும் இடத்தில் அரியணையைப் பட்டுத்துணியால் மூடி வைத்திருந்தார்கள். சபை கூடியது. நாவலடியான் துணியை விலக்கினார். எங்கும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அரசர் தம் பழைய ஆசனத்திலிருந்து தாமாகவே எழுந்துவிட்டார்.

மழவராயர் முந்திக்கொண்டு முன்னே பாய்ந்தார். "பொறுங்கள், அரசே! முதலில் நான் சோதிக்கிறேன். நாவலடியாரே, இதை உளி தொடவில்லையா?"

"தொட்டிருந்தா இது பேந்து போயிருக்கும்!" என்று ஆச்சாரியின் குரல் மண்டபத்தை அதிரவைத்தது. "வேணும்னா இப்பவே ஒரு உளி வச்சுப் பாருங்க!"

"சரி. வாளால் அறுத்தீர்கள் அல்லவா?"

"ஆம்" என்றார் நாவலடியான். "இப்போது நான் இந்தத் துணியை விலக்கினேன். அதனால் சித்திரத்தை நான் எழுதினேன் என்று ஆகிவிடுமா? வாளும் திரையைத்தான் விலக்கியது."

சபையில் தலைகள் அசைந்தன. மழவராயர் விடவில்லை. "அரசர் திருமுகம் எங்கே?"

"நடுவில் இருக்கிறது. குனிந்து உற்றுப் பாருங்கள்."

மழவராயர் குனிந்தார். உற்றுப் பார்த்தார். வெற்றியோடு நிமிர்ந்து கூவினார்: "அரசே, இதில் தங்கள் முகம் இல்லை!"

"பின்னே யார் முகம் இருக்கிறது?" என்றார் அரசர்.

மழவராயர் மறுபடி பலகையைப் பார்த்தார். "என்... என்னுடைய முகம்..."

அரசர் அமரும் அரியணையில் தம் முகத்தைக் கண்டதாக ஒருவர் தம் வாயாலேயே சொல்லிவிட்டார்! சேனாதிபதியின் கை உறைவாளுக்குப் போனது. மழவராயர் பின்வாங்கினார்.

"அவர்மேல் பிழையில்லை, அரசே" என்று நாவலடியான் முன்னே வந்தார். "அரசர் எதிரே நின்றால் அரசர் முகம் காட்டும் பலகை இது. மழவராயர் அவசரப்பட்டு நின்றுவிட்டார். தாங்கள் வந்து பாருங்கள்."

அரசர் வந்து நின்றார். தெளிந்த கிணற்று நீரில் தெரிவதுபோல், பொன்னிறச் சுழிகளின் நடுவே அவர் முகம் தெரிந்தது. எவரும் எழுதாத முகம். அவர் கையை நீட்டி அந்தப் பலகையை மெல்லத் தடவினார்.

"எத்தனை கண்கள், நாவலடியாரே!"

"குடிமக்களின் கண்கள் என்று புகழ்ந்துவைக்கலாம், அரசே. ஆனால் உண்மை அதைவிட அழகாக இருக்கிறது. ஒவ்வொன்றும் கிளைவிட நினைத்த மொட்டு."

"இப்படி ஒரு மரம் எங்கே கிடைத்தது?"

"விறகுக் குவியலில். அதற்கு நான் மழவராயருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நல்ல தேக்கையும் கருங்காலியையும் கண்டு என் மனம் மயங்கிவிடக் கூடாதே என்று, எல்லாவற்றையும் முதல்நாள் இரவே படகுத் துறைக்கு அனுப்பிவைத்தார். அவர் மட்டும் அந்த உதவியைச் செய்யாதிருந்தால் நான் இதைக் கண்டிருக்கவே மாட்டேன்."

அரசர் மழவராயரைப் பார்த்தார். மழவராயர் தரையைப் பார்த்தார். எல்லாம் விளங்கியதும் அரசருக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் புதிய அரியணையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து நாவலடியானுக்குப் போர்த்தினார். கையிலிருந்த காப்பைக் கழற்றிக் கொம்பையாச்சாரிக்கு அணிவித்தார். மழவராயரைத் தண்டிக்கவில்லை. "படகுத் துறையிலிருக்கும் மரம் முழுவதையும் திரும்பக் கொண்டுவந்து அடுக்கும்வரை, நீரும் கூட நின்று தோள் கொடும்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு அரசர் இல்லாத வேளைகளில் சபையிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவராக அந்த அரியணையைப் பார்க்க வந்தார்கள். தனியே போய், எதிரே நின்று, மீசையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். வெளியே வந்ததும் வாயிற்காவலர், "யாரைக் கண்டீர்கள்?" என்று கேட்பார்.

"அரசரைத்தான், வேறு யாரை!" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் வேகமாக நடையைக் கட்டினார்கள்.