மீதிப் பாதிப் பட்டை

மலைச்சரிவில், ஓடையோரம் ஒரு காட்டு ஆப்பிள் மரம் நின்றது. அடிமரத்தில் பாதிச் சுற்றுக்குப் பட்டையே இல்லை. முந்தின வருஷ மழையில் அதைக் கடித்துத் தின்றது சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி. இப்போது அந்த மரத்துக்குக் காவல் நின்றதும் அதே சிலுப்பன்தான்.

காடே சிரித்தது. "பாலுக்குப் பூனை காவலா?" என்றது மந்தி.

சிலுப்பன் தன் வேலையைப் பார்த்தது. பட்டை போன இடத்தில் களிமண் பூசியது. அடியில் முளைத்த வீண் துளிர்களைக் கடித்து எறிந்தது. வேரில் தண்ணீர் தேங்காமல் மண்ணைப் பறித்து வழி விட்டது.

காரணம் இருந்தது. குளிர் விட்டதும் அந்தக் காட்டில் முதலில் பூப்பது அந்த மரம்தான். மற்ற மரங்கள் பூக்கும்வரை தேனீக்களுக்கு வேறு சாப்பாடு கிடையாது. சிலுப்பன் பட்டையைத் தின்ற பிறகு ஒரு பக்கக் கிளைகள் பூக்கவே இல்லை. பாதித் தேனீக்கள் பட்டினியில் செத்து, மரத்தடியில் இருந்த சிலுப்பனின் வளை வாசலிலேயே உதிர்ந்து கிடந்தன. அன்றைக்குத்தான் அதற்கு உறைத்தது.

ஐப்பசியில் கொம்பையன் என்ற கடமான் வந்தது. அதன் புதுக் கொம்பின் மேல்தோல் உரியும் காலம். கொம்பில் ஒரே அரிப்பு.

"நகரு. என் அப்பன் காலத்திலிருந்து நாங்கள் கொம்பு தேய்க்கிற மரம் இது."

"அப்போது முழுப் பட்டை இருந்தது," என்றது சிலுப்பன். "இப்போது இருப்பது பாதி. அதையும் உரித்தால் மரம் பட்டுப்போகும். பாறைப் பக்கம் ஒரு காய்ந்த கட்டை நிற்கிறது. அங்கே போய்த் தேய்த்துக்கொள்."

"செத்த கட்டையில் நானா தேய்ப்பேன்? அது கிடக்கட்டும், முதல் பாதியைத் தின்றது யார்?"

"நான்தான்."

"அப்புறம் என்னைத் தடுக்க உனக்கு என்ன யோக்கியதை?"

"நியாயமான கேள்வி," என்று பக்கத்தில் வேடிக்கை பார்த்த முயல் ஒன்று தலையாட்டியது.

"யோக்கியதை இல்லாவிட்டால் போகட்டும். முள் இருக்கிறது," என்று சொல்லிவிட்டு, சிலுப்பன் மானுக்கு முதுகைக் காட்டி நின்றது.

"மரியாதை கெட்ட ஜென்மமே! பேசும்போதே முதுகைக் காட்டுகிறாயா?"

"சண்டை என்று வந்தால் எங்களுக்கு முதுகுதான் முகம்."

மூன்று நாள் மான் நகரவில்லை. சிலுப்பனும் நகரவில்லை. பகலெல்லாம் தூங்கும் பிராணி, கண் மூடாமல் பட்டினியாக நின்றது. மானுக்கு முதுகைக் காட்டினால் மூக்கு எங்கே இருக்கும்? பட்டைக்கு நேரே!

மந்தி மெல்ல இறங்கி வந்தது. "பசிக்கிறது, இல்லையா? ஒரே ஒரு கடி. யார் பார்க்கப்போகிறார்கள்?"

சிலுப்பனுக்கு எச்சில் ஊறியது. பொய் சொல்வானேன், அதன் பல் பட்டையில் பட்டும்விட்டது. வளை வாசலில் கிடந்த தேனீக்கள் ஞாபகத்துக்கு வந்தன. பல்லை எடுத்துக்கொண்டது.

"நான் பார்ப்பேன்," என்றது.

நாலாம் நாள் காலையில் மானுக்கு அரிப்புத் தாங்கவில்லை. தலையைக் குனித்துப் பாய்ந்து வந்தது. சிலுப்பன் ஓடவில்லை. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே எதிர்த்துப் பாய்ந்தது. கொம்பு பட்டு அதன் பின்னங்கால் ஒன்று முறிந்தது. மானின் மூக்கிலும் கன்னத்திலும் ஏழெட்டு முட்கள் ஏறின.

மான் அலறிக்கொண்டு ஓடியது. ஓடி எங்கே போயிற்று? காய்ந்த கட்டைக்குத்தான். கொம்பை அதில் தேய்தேய் என்று தேய்த்தது. அரிப்புக்கு ஏது கௌரவம்?

பங்குனியில் மரம் பூத்தது. ஒரு பக்கம்தான் பூத்தது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் இலை தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ. மிஞ்சியிருந்த தேனீக்களுக்கு அது போதும்; அந்த வருஷம் ஒரு தேனீகூடப் பட்டினியில் சாகவில்லை.

மூக்கில் தழும்போடு கடமான் அந்த வழியாக வந்தது. "நீ தின்ற பக்கம் மொட்டையாகத்தான் நிற்கிறது. மறந்துவிடாதே."

சிலுப்பன் நொண்டிக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தது. "மறக்கவில்லை. மறக்காததால்தான் உன்னை விடவில்லை."

ஒன்றைப் பாதி கெடுத்தவனுக்குத்தான் மீதியைக் காக்கும் கடமை முதலில் உண்டு. அதைச் செய்ய அவன் யாரிடமும் யோக்கியதைச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.