வெயில் படாத நீலம்

"ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எல்லாம் உரிச்சு எறிஞ்சிட்டேன் மேஸ்திரி. பேரு மட்டும் ஏன் இன்னும் போவ மாட்டேங்குது?"

கேட்டுக்கொண்டே வந்தாள் மிக்கேலம்மாள். நகக்கண்ணில் எல்லாம் ஸ்டிக்கர் துணுக்கு.

கஸ்பார் மேஸ்திரி கரையில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவர். அவளைவிடப் பத்து வயது இளையவர். பேச்சு குறைவு. படகில் ஓட்டை என்றாலும் வீட்டில் சண்டை என்றாலும் ஜனம் அவரிடம்தான் போய் நிற்கும். இரண்டையும் அவர் ஒரே மாதிரிதான் குனிந்து பார்ப்பார்.

அவளோடு நடந்து போய்ப் பார்த்தார்.

ஒன்பது வருஷ வெயிலும் உப்பும் தின்று, படகின் நீலம் சாம்பல் பூத்துக் கிடந்தது. முகப்பில் மூன்று எழுத்து மட்டும், ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாமல் இருந்ததால், வாங்கின அன்றைய நீலத்தில் பளிச்சென்று நின்றது.

ரெஜினா.

"முன்னைக்கு இப்பதான் நல்லாத் தெரியுது," என்றாள் எரிச்சலாக. "பதினோரு மணி பஸ்ஸுல வாரா. அதுக்குள்ள இது போவணும்."

"மகளா?"

"மகளாம் மகள்! அவ அப்பா ஆசை ஆசையாப் படகுக்கு அவ பேரு வச்சாரு. அவ சொல்லாமக் கொள்ளாம ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போனா. அப்படியே மாறிட்டா மேஸ்திரி. இப்ப அவரு செத்து ஆறு மாசம் கழிச்சு, பிள்ளையைத் தூக்கிட்டு வாராளாம். வரட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். படகைப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

"அடக்கத்துக்கு வரலையா?"

"வரல."

"சொல்லி விட்டீங்களா?"

மிக்கேலம்மாள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காதுல விழுந்திருக்கும்."

மேஸ்திரி ஒரு துணியையும் பாலிஷ் டப்பாவையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் முதல் எழுத்தைத் தேய்த்தாள். மூச்சு வாங்கத் தேய்த்தாள். எழுத்து கண்ணாடி மாதிரி மின்னியது.

"என்ன எழவு மருந்து இது? இன்னும்ல பளபளங்குது!"

"எழுத்துல கோளாறு இல்லக்கா. அதை விடுங்க. சுத்தித் தேயிங்க."

சுற்றித் தேய்த்தாள். துணி நிறைய வெள்ளைப் பொடி வந்தது. பொடி போன இடத்தில் நீலம். அசல் பழைய நீலம். எழுத்தின் ஓரம் அதற்குள் கரைந்துபோனது.

அவள் கை நின்றது.

"இது அடியில இருந்துச்சா மேஸ்திரி?"

"இருந்துச்சு."

"இத்தனை நாளுமா?"

"இத்தனை நாளும்."

படகு வந்த அன்று இந்த முகப்பில்தான் ரெஜினா ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அப்பாவும் மகளும் சிரித்த சிரிப்பில் கரையே திரும்பிப் பார்த்தது.

"முழுப் படகும் இந்த நிறம் வந்துருமா?"

"தேய்ச்சா வரும்."

"அவ வரும்போது கொஞ்சமாவது வந்துருக்கணும்," என்றாள். குரல் மாறியிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள். துணியை உதறி மறுபடி பிடித்தாள். ஆவேசம் வந்தவள் மாதிரி தேய்த்தாள். முதல் எழுத்து நீலத்தோடு நீலமாய் மறைந்தது. இரண்டாவதும் மறைந்தது. பஸ் வந்த சத்தம் அவள் காதில் விழவில்லை.

மேட்டு ரோட்டில் இறங்கினாள் ரெஜினா. இடுப்பில் குழந்தை.

அங்கிருந்து பார்த்தாள். அம்மா குனிந்து, உடம்பின் பலத்தை எல்லாம் கூட்டிப் படகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். 'னா' மட்டும் மிச்சம் இருந்தது.

அதுதான் கடைசி நிறுத்தம். பஸ் அங்கேயே திரும்பும். ரெஜினா அதே பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

குழந்தை அழும் சத்தம் கேட்டுத்தான் மிக்கேலம்மாள் நிமிர்ந்தாள். ஜன்னலில் மகளின் முகம். மணலில் கால் புதையப் புதைய ஓடினாள். மேடு ஏறுவதற்குள் பஸ் வளைவு தாண்டியிருந்தது.

திரும்பி வந்தாள். முழங்கைவரை வெள்ளைப் பொடி.

"தப்பா நினைச்சுட்டுப் போறா மேஸ்திரி!"

"எதைப் பாத்தா?"

"நான் அவ பேரை அழிக்கிறதை."

மேஸ்திரி டப்பாவை மூடினார்.

"அதைக் காட்டத்தானேக்கா வந்தீங்க."