வள்ளல் கைக்குக் கட்டிய கொசுவலை

கவுன்சிலர் மகுடபதி தனக்குத்தானே சிலை வைத்துக்கொண்டவர். ஊருக்கே வாரி வழங்குகிற மாதிரி இரண்டு கைகளையும் குவித்து ஏந்திய சிலை. அதை வேறு யாரும் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

ஒருநாள் மழை, நாலுநாள் வெயில் என்று வானம் விளையாடியதில் வார்டு முழுக்க டெங்கு. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தார்கள். கொசு மருந்து அடிக்கும் பூவாத்தாளைக் கூப்பிட்டு மகுடபதி எகிறினார்.

"என் வார்டுல கொசுவே பொறக்காது. எல்லாம் பக்கத்து வார்டுக் கொசு! ஒவ்வொண்ணையும் புடிச்சு எந்த வார்டுன்னு கேட்டுட்டு வா. இல்லாட்டி உனக்கு வேலை இல்ல."

"கேட்டுடறனுங்க. எங்க வேணாலும் ஏறித் தேடலாமுங்களா?"

"எங்கயோ ஏறு, போ!"

தொட்டி, டயர், தேங்காய் ஓடு எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே கவிழ்த்தாயிற்று. பாக்கி சிலைதான். ஏறிப் பார்த்தால், குவித்த கைகளில் மழைத்தண்ணீர். அதில் கொசுப்புழுக்களின் குத்தாட்டம். கைகளைச் சுற்றிக் கொசுவலையை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினாள்.

சில நாளில் வலைக்குள் 'ஙொய்'யென்று ஒரே கச்சேரி. ஊரே கூடிவிட்டது.

"பக்கத்து வார்டுலிருந்து பறந்து வந்ததுக!" என்றார் மகுடபதி.

"கட்டின வலைக்குள்ள எப்படிங்க பூந்துச்சு?" என்றாள் பூவாத்தாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அவுறு அந்த வலைய!"

"அவுத்தா, புள்ளைங்க அப்பனத் தேடி ஓடி வந்துருமுங்களே!"

வலையோடு புகையடித்துக் கொசுக்களைக் கொன்றுவிட்டு, சிலையின் உள்ளங்கைகளில் ஓட்டை போட்டார்கள். அடுத்த மழையில் ஒரு சொட்டும் தங்கவில்லை. மகுடபதியின் கைக்கு வந்தது அப்படியே ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.