வெல்லம் தின்ற கிருமிகள்

மாரப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி மறுபடி பாசனத்துக்கு விடும் நிலையத்தில் அவன் ஆப்பரேட்டர். பெண் கொடுக்க வந்த மூன்று வீட்டார் கேட்டிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருந்தார்கள். நாலாவதாக வந்தவள் கோகிலவாணி. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் பார்க்காமல் சரி சொல்ல மாட்டேன் என்று, தாய்மாமன் நாச்சிமுத்துவோடு தொட்டிக்கரையிலேயே வந்து நின்றாள். பார்த்ததுமே இவனுக்கு மனசு போய்விட்டது. இவளும் ஓடிப்போனால் தாங்காது. புளுகை எடுத்துவிட்டான்.

"முன்ன ஒரு தொட்டிதானுங்க. இப்ப விரிவாக்கம் பண்ணி நாலு. அழுக்கைத் திங்கறதுக்கு உள்ளே கிருமி வளர்க்கறோம். புதுத் தொட்டிக்குச் சாணியும் வெல்லமும் கரைச்சு ஊத்தோணும். நான் வெல்லத்தைக் கொஞ்சம் தாராளமா ஊத்திப்போட்டேன். மறுநாள் என் செருப்பு ஒண்ணு உள்ளே விழுந்துச்சு. குனியறதுக்குள்ள வார் மட்டும் மிதக்குது!"

"கண்ணுக்குத் தெரியாத கிருமியா செருப்பைத் தின்னுச்சு?" என்றார் நாச்சிமுத்து.

"தெரியாததெல்லாம் அப்பங்க. இப்ப நாலு மணியானா தொட்டி விளிம்புல வரிசையா உக்காந்து டீ கேக்குதுக. நம்மூர் அழுக்கு பத்தலைன்னு பக்கத்து ஊர்ல இரவல் சாக்கடை வாங்கிட்டு வர்றோம்."

கோகிலவாணி சிரிக்கவில்லை. மாரப்பன் அடுத்த புளுகுக்குத் தொண்டையைக் கனைத்தான். பின்வாங்கத் தெரிந்த வாயா அது?

"சரி, தண்ணி எப்படி?" என்றார் மாமன்.

"அதைக் கேளுங்க! குடிச்ச காக்கா வெள்ளையாப் பறந்துச்சு. எங்க வாட்ச்மேன் பழனியாண்டிக்கு அறுபது வயசு. மூஞ்சி கழுவினாரு, நரைச்ச மீசை கருத்துப்போச்சு. ஆசையில இன்னொருக்கா கழுவினாரு, மீசையே இல்லீங்க!"

"ஆளைக் கூப்பிடு, பாக்கலாம்."

"பத்தாங்கிளாஸ் பரீட்சைன்னு லீவு போட்டிருக்காருங்க."

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக் கோகிலவாணியிடம் திரும்பினார். "கிளம்பு சாமி, போலாம்."

மாரப்பன் குறுக்கே வந்து நின்றான். இந்த நேரத்தில் ஒரு புளுகும் கைகொடுக்கவில்லை. "அம்மிணி, உங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்றான் கெஞ்சலாக.

கோகிலவாணி குனிந்து, வெளியே போகும் தண்ணீரில் விரலை நனைத்து முகர்ந்து பார்த்தாள். துளி வாடை இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தத் தண்ணி எங்க தோட்டத்து வாய்க்காலுக்கும் வந்துச்சுங்க. அப்பா அதுல ரெண்டு முழுக்குப் போட்டாரு. இப்பத் தூளியில கெடக்கறாரு. அவருக்குப் பேச்சு வரட்டும், சம்மதம் கேட்டுச் சொல்றேனுங்க."